திருகோணமலையில் நீர்வர்ணம் பழகுவோருக்கு: எந்தத் தாள், எதற்கு?

நீர்வர்ணம் பழகத் தொடங்குபவர்கள் வர்ணப் பெட்டிக்கும் தூரிகைக்கும் காசை எண்ணாமல் கொடுத்துவிட்டு, தாள் என்று வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். "பழகிற காலத்துக்கு இது காணும்" என்று ஒரு சித்திரக் கொப்பியோடு வீட்டுக்கு வருவார்கள். இரண்டு வாரம் போனதும் கேள்விகள் கிளம்பும். வானம் ஏன் திட்டுத்திட்டாகக் காய்கிறது? தாள் ஏன் அலையலையாக எழும்புகிறது? ஓரிடத்தைத் திருத்தப் போனால் ஏன் பஞ்சு கிளம்புகிறது? கை பழகவில்லை என்று தங்களையே நொந்துகொள்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் குற்றம் தாளில் இருக்கும்.

நம் ஊரில் இதைத் தெரிவு செய்வது இன்னும் கொஞ்சம் சிக்கல். புத்தகக் கடைகளில் கைக்கெட்டுவது சித்திரக் கொப்பி, பிறிஸ்டல் மட்டை, சில வேளை நீர்வர்ணத்துக்கென்று அட்டையில் எழுதிய ஒரு பாட், அதாவது ஒரு பக்கம் ஒட்டிய தாள்கட்டு. நல்ல பருத்தித் தாள் வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழும்பிலிருந்து தருவிக்க வேண்டும். தருவித்து அலுமாரியில் வைத்தாலும் மாரி வந்தால் சும்மா விடாது.

## எதை வைத்து அளப்பது

விலையைப் பார்க்கும் முன் தாளிடம் ஐந்து விஷயம் கேட்க வேண்டும்.

முதலாவது, ஈரத்தை எவ்வளவு நேரம் சமமாக வைத்திருக்கும்? இதைத் தீர்மானிப்பது சைஸிங். தாள் செய்யும்போது கூழுக்குள்ளே கலக்கிற, அல்லது செய்த பிறகு மேலே தோய்க்கிற பசைப்பொருள் அது. சைஸிங் இல்லாத தாளில் தண்ணீர் பட்டதும் வர்ணம் உள்ளே இறங்கிவிடும், பிறகு அசைக்க முடியாது. சைஸிங் நன்றாக இருந்தால் வர்ணம் மேலே நின்று, நாம் சொல்கிற இடத்துக்குப் போகும்.

இரண்டாவது, மேலே இன்னொரு படை போட்டால் கீழ்ப்படை கலங்குமா? மூன்றாவது, நெளியுமா? இது பெரும்பாலும் பாரத்தைப் பொறுத்தது. தாளில் 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால், அந்தத் தாளின் ஒரு சதுர மீற்றர் 300 கிராம் என்று பொருள். நீர்வர்ணத்துக்கு வழக்கமான பாரங்கள் 190, 300, 640.

நான்காவது, நம் காற்றைத் தாங்குமா? மே தொடங்கி ஆகஸ்ட் வரை கச்சான் அடிக்கிற நாட்களில் யன்னலைத் திறந்துவைத்துத் தீட்டினால், போட்ட வோஷ், அதாவது தண்ணீர் கலந்து பரவலாகப் பூசிய வர்ணம், கண்முன்னே காய்ந்துவிடும். ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, வாடையும் மழையுமாக இருக்கும்போது, அதே வோஷ் அரை மணி நேரம் சென்றும் புறங்கையை வைத்தால் குளிரும். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அடுத்த படைக்குக் கை வைக்கக்கூடாது. ஒரே தாள் இந்த இரண்டு பருவத்திலும் இரண்டு விதமாக நடக்கும்.

ஐந்தாவது, ஒரு படத்துக்கு உண்மையில் என்ன செலவு? தாளின் விலையோடு கெட்டுப்போகும் படங்கள், ஒட்டும் நாடா, பலகை, கூரியர், பூஞ்சணத்துக்குப் பலி கொடுக்கும் தாள்கள் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

## சித்திரக் கொப்பி, கார்ட்ரிட்ஜ் தாள், பிறிஸ்டல் மட்டை

கொப்பித் தாளும் கார்ட்ரிட்ஜ் தாளும் 120 முதல் 160 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். பென்சிலுக்கும் பஸ்ரலுக்கும் செய்தவை. தண்ணீர் பட்டால் நார்கள் வீங்கி, தாள் குழிகுழியாகும். குழிகளில் வர்ணம் தேங்கி, மேடுகள் முதலில் காயும். திட்டுத்திட்டான வானத்தின் காரணம் இதுதான். எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் இந்தக் குழிகளோடு கையால் போராட முடியாது.

பிறிஸ்டல் மட்டை கொஞ்சம் தடிப்பு, வழுவழுப்பு. கோட்டோவியம் வரைந்து, அதன்மேல் தண்ணீர் குறைவாக இரண்டொரு வர்ணம் தொட்டு வைப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஈரம் நிறைய வைத்தால் மேற்பரப்பு உரிந்து சுருள் சுருளாக வரும்.

இந்தத் தாள்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. வர்ணக் கலவை பழக, தூரிகையின் நுனியால் ஒரே இழுப்பில் இலை போட, இருள் வெளிச்சத்தைச் சிறு கட்டங்களில் திட்டமிட, இவற்றுக்கு நல்ல தாளைச் செலவழிப்பது வீண். சாதாரண தரச் சித்திரப் பாடத்துக்குத் தயாராகும் பிள்ளைக்கும் இதுதான் பொருத்தம். பரீட்சையில் எந்த வகைத் தாள் முன்னால் வைக்கப்படுமோ அந்த வகையிலேயே கை பழகியிருக்க வேண்டும். பருத்தித் தாளில் மட்டும் பழகிய பிள்ளை மெல்லிய தாளில் தண்ணீரைக் கொட்டிவிட்டு முழிக்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். ஈரத்தில் ஈரம் வைக்கும் நுட்பத்தை, அதாவது நனைந்த தாளிலேயே ஈர வர்ணம் விடுவதை, இந்தத் தாளில் பழகுபவர், தாளின் குறைக்கு ஈடுகட்டும் பழக்கங்களைத்தான் கற்றுக்கொள்கிறார்: அவசரமாகத் தீட்டுவது, வர்ணத்தைத் தடிப்பாக வைப்பது, திரும்பத் திரும்பத் தடவுவது. நல்ல தாளுக்கு மாறியதும் இந்த மூன்றையும் மறக்க வேண்டும்.

## மரக்கூழ் நீர்வர்ணத் தாள், 300 ஜிஎஸ்எம்

பாட் வடிவில் வருகிற தாள்களில் பெரும்பாலானவை இந்த வகை. கான்சன் எக்ஸ்எல் போன்றவை. மரக்கூழில் செய்து, சைஸிங்கைக் கூழுக்குள்ளேயே கலந்திருப்பார்கள். தடிப்பு இருப்பதால் ஏ4 அளவில் அவ்வளவாக நெளியாது. காய்ந்த தாளில் ஈர வர்ணம் வைத்துத் தீட்டும் படங்களுக்கு, அதாவது கூரை, மதில், வள்ளம் என்று விளிம்பு தெளிவாக வேண்டியவற்றுக்கு, தாராளமாகப் போதும்.

இந்தத் தாளின் குணத்தை ஒரு சிறு சோதனையில் பார்க்கலாம். தாளில் உள்ளங்கை அளவு இடத்தை நனைத்து, சாய்வாகப் பார்த்துக்கொண்டிருங்கள். முதலில் கண்ணாடிபோல் மின்னும். பிறகு மினுக்கம் மங்கி, ஈரம் மட்டும் தெரியும். வர்ணத்தை விட வேண்டிய நேரம் அந்த மங்கும் கட்டம். மரக்கூழ்த் தாளில் இது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் வராது. ஓரம் காய்ந்திருக்கும், நடு இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். கச்சான் காலத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். காய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் ஈரமான தூரிகை பட்டால், தண்ணீர் வர்ணத்தை முன்னே தள்ளிக்கொண்டு போய், பூக்கோவா போன்ற கறையை விட்டுவிட்டு நிற்கும்.

இன்னொரு குணமும் உண்டு. வர்ணம் மேற்பரப்பிலேயே தங்குவதால், ஈரத் தூரிகையால் தடவி ரிசூவால் ஒற்றினால் நன்றாக வெளியே வரும். தவறைத் திருத்த வசதி. அதே காரணத்தால் படை மேல் படை போடும்போது கீழ்ப்படை கலங்கி அழுக்காகும். மூன்றாவது படை வைக்கும்போது சாம்பல் நிறச் சேறு வருகிறதென்றால், வர்ணத்தை மாற்ற முன் தாளை மாற்றிப் பாருங்கள். இந்தத் தாளில் மேற்படை போட்டே ஆக வேண்டுமானால், மென்மயிர்த் தூரிகையில் நிறைய வர்ணம் எடுத்து, ஒரே திசையில் ஒரே தடவை இழுத்துவிட்டுத் திரும்பத் தொடாமல் விடுவதுதான் வழி.

## முழுப் பருத்தித் தாள்

பிரான்சின் ஆர்ச்சஸ், இத்தாலியின் ஃபப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ, இங்கிலாந்தின் சாண்டர்ஸ் வோட்டர்ஃபோர்ட் ஆகியவை பழைய பெயர்கள். ஆர்ச்சஸ் ஆலையின் வரலாறு 1492 வரை பின்னோக்கிப் போகிறது. ஃபப்ரியானோ நகரில் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே தாள் செய்கிறார்கள். சீனாவின் பௌஹொங் இவற்றைவிட மலிவு, அதுவும் முழுப் பருத்திதான்.

பருத்தி நார் தண்ணீரைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அந்த மங்கும் கட்டம் தாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும், நின்று நிதானிக்கும். கொட்டியாரக் குடாவுக்கு மேலே மழைமேகம் திரண்டு வருகிற வானத்தைத் தீட்டுவதற்கு இந்த அவகாசம்தான் வேண்டும்: மேலே கருநீலம், கீழே வெளிறல், நடுவில் விளிம்பில்லாமல் கலைகிற சாம்பல். வர்ணம் நாருக்குள் பிடித்துக்கொள்வதால் மேற்படை போட்டாலும் கீழ்ப்படை அசையாது. நான்கைந்து படை போட்டாலும் தெளிவு குறையாது.

குறை இல்லாமல் இல்லை. தாளில் சாயமாகப் பிடிக்கும் தலோ நீலம், தலோ பச்சை போன்ற வர்ணங்களை முழுமையாக வெளியே எடுக்க முடியாது. தேய்ப்பைத் தாங்கும், ஆனால் வெள்ளை திரும்பாது. வெள்ளையாக விட வேண்டிய இடத்தை முதலிலேயே தீர்மானித்துத்தான் தூரிகையை எடுக்க வேண்டும்.

மேலே சொன்னவற்றில் ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வோட்டர்ஃபோர்ட் இரண்டுக்கும் ஜெலற்றின் சைஸிங். ஜெலற்றின் மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஆர்ச்சஸ் தாளை ஊறவைக்கும்போது வரும் வாடை அதுதான், தாள் பழுதாகிவிட்டதென்று எறிந்துவிட வேண்டாம். சைவ உணவுக்காரர் வீட்டில் இது ஒரு பிரச்சினையாக இருந்தால், மிருகப் பொருள் சேர்க்காத ஃபப்ரியானோ ஆர்ட்டிஸ்டிகோ இருக்கிறது.

விலை மரக்கூழ்த் தாளைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் முழுத்தாளாக வாங்கி வெட்டினால் இந்தப் பயம் குறையும். முழுத்தாள் 56 × 76 சென்ரிமீற்றர். மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் 19 × 28 சென்ரிமீற்றரில் எட்டுத் துண்டு. இரண்டு பக்கமும் தீட்டலாம், ஆகவே பதினாறு பயிற்சி. கத்தரிக்கோல் தேவையில்லை: ஒரு பக்கம் மடித்து நகத்தால் அழுத்தி, மறுபக்கம் மடித்து அழுத்தி, நாலைந்து தடவை இப்படிச் செய்துவிட்டு மேசை விளிம்பில் வைத்துக் கிழித்தால் நேராக வரும்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. அட்டையில் பருத்தி என்று பெரிதாகவும் 25 சதவீதம் என்று சிறிதாகவும் போட்டிருக்கும். அது பெரும்பகுதி மரக்கூழ்தான், அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். அமிலமற்றது என்ற சொல்லும் பருத்தியைக் குறிக்காது. தாள் சீக்கிரம் மஞ்சளாகாது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். சந்தேகமிருந்தால் ஓரத்தில் சிறு துண்டைக் கிழித்துப் பாருங்கள்: பருத்தியில் கிழிந்த விளிம்பில் நீண்ட மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும், மரக்கூழ் குட்டையாக அறுந்துவிடும்.

பாரத்தைச் சோதிக்க ஒரு தராசு போதும். 300 ஜிஎஸ்எம் முழுத்தாள் ஒன்று 128 கிராம் வரை நிற்க வேண்டும். ஏ4 தாள் ஐந்தைச் சேர்த்து நிறுத்தால் 94 கிராம் அளவில் இருக்க வேண்டும். 62 கிராம்தான் என்றால் உங்கள் கையில் இருப்பது 200 ஜிஎஸ்எம்.

## கைத்தாள்

இந்தியாவிலிருந்து வரும் பருத்திக் கந்தல் கைத்தாள் பலருக்குப் பார்த்ததும் பிடித்துவிடும். நான்கு பக்கமும் பிசிறு விளிம்பு, கரடுமுரடான முகம். பருத்தி என்பதால் ஈரத்தை வைத்துக்கொள்ளும். ஆனால் சைஸிங் தாளுக்குத் தாள் மாறும், ஒரே தாளிலும் இடத்துக்கு இடம் மாறும். நுட்பம் பழகும் காலத்தில் இது பெரிய தலையிடி: நேற்று செய்தது இன்று ஏன் வரவில்லை என்பதற்குக் கையா தாளா காரணம் என்று தெரியாது. முகம் மென்மையாக இருந்தால், வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடுகிற மறைப்புத் திரவம் போட்டு உரிக்கும்போது தாளும் சேர்ந்து உரியும்.

கை பழகியவர்கள், கல்லும் பாறையுமான காட்சிகளுக்கு, சிறிய அளவில் விளையாட்டாகப் பயன்படுத்தலாம். முதல் தாளாக வேண்டாம்.

பிளாஸ்ரிக் தாள்களும், நீர்வர்ணத்துக்கான பூச்சுப் பூசிய கான்வஸும் உண்டு. அவற்றில் வர்ணம் உறிஞ்சப்படாமல் மேலேயே கிடக்கும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். அது வேறு வித்தை, பழகுபவருக்கு அவசரமில்லை.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| | கொப்பி / பிறிஸ்டல் | மரக்கூழ் 300 | பருத்தி 300 | கைத்தாள் |
|---|---|---|---|---|
| தட்டை வோஷ் | திட்டாகும் | சிறிய அளவில் சரி | நன்று | தாளைப் பொறுத்தது |
| ஈரத்தில் ஈரம் | வராது | அவகாசம் குறைவு | மிக நன்று | அவகாசம் உண்டு, நம்ப முடியாது |
| மேற்படைகள் | ஒன்று | இரண்டு | நான்கைந்து | இரண்டு மூன்று |
| வர்ணத்தை எடுத்தல் | பஞ்சு கிளம்பும் | சுலபம் | ஓரளவு | கவனம் தேவை |
| உலர்தூரிகை | மங்கலாக வரும் | நன்று | மிக நன்று | மிக நன்று |
| மறைப்புத் திரவம் | வேண்டாம் | நன்று | நன்று | ஆபத்து |
| நெளிவு | மிக அதிகம் | கொஞ்சம் | கொஞ்சம் | பாரத்தைப் பொறுத்தது |
| மாரியில் | நெளிந்து கிடக்கும் | ஓரளவு தாங்கும் | சைஸிங் கெடலாம் | சைஸிங் கெடலாம் |

மறைப்புத் திரவம் பற்றி ஒரு எச்சரிக்கை. அது இறப்பர்ப் பால். வெயிலில் சூடான தாளில் நாட்கணக்கில் விட்டால், நல்ல தாளையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். போட்ட அன்றே தீட்டி, நன்றாகக் காய்ந்ததும் அன்றே உரித்துவிடுங்கள். தூரிகையை முதலில் சவர்க்காரத்தில் தோய்த்துவிட்டுத் திரவத்தில் வைத்தால் மயிர் ஒட்டிப்போகாது.

## பாட், புளொக், தனித்தாள்

ஒரே தாள் மூன்று வடிவத்தில் வரும். பாட் ஒரு பக்கம் ஒட்டியது, கிழித்தெடுக்கலாம். புளொக் நாலு பக்கமும் ஒட்டியது. மேல்தாளில் தீட்டி, முழுதாகக் காய்ந்த பிறகு, பசையில்லாத சிறு இடைவெளியில் மழுங்கிய கத்தியை விட்டுச் சுற்றி வர வெட்டியெடுப்பார்கள். காய முன் எடுத்தால் நெளிவு அப்படியே நின்றுவிடும்.

வெளியே போய்த் தீட்டுபவருக்கு புளொக்கைப் போல வசதி இல்லை. பலகை வேண்டாம், நாடா வேண்டாம், டச்பே கரையில் காற்று அடித்தாலும் தாள் பறக்காது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு படம்தான். ஒன்று காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், மாரியில் அது எரிச்சல். தாள் ஒன்றின் விலையும் தனித்தாளை வெட்டுவதைவிட அதிகமாகும். பிரெட்றிக் கோட்டைக்குள் போய்த் தீட்டுபவர்கள் பையைத் திறந்தபடி வைக்க வேண்டாம். மான்கள் கிட்ட வந்து கடதாசி, பொலித்தீன் என்று பார்க்காமல் வாய்வைக்கும்.

வீட்டில் இருந்து பழகுபவருக்குத் தனித்தாள்தான் கட்டுப்படி. கொழும்பிலிருந்து தருவிக்கும்போது சுருட்டிக் குழாயில் அனுப்பச் சொல்லாதீர்கள். தடித்த தாள் சுருண்ட நினைவை எளிதில் விடாது. கடையிலேயே நான்காக வெட்டி, இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்பச் சொன்னால் 28 × 38 சென்ரிமீற்றரில் தட்டையாக வந்து சேரும். பொதியை பொலித்தீனால் சுற்றச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

தனித்தாளுக்கு இருப்பது நெளிவுப் பிரச்சினை. 300 ஜிஎஸ்எம் தாளைக் கால்தாள் அளவுவரை இழுத்துக் கட்டத் தேவையில்லை, நான்கு பக்கமும் மாஸ்கிங் நாடா ஒட்டினால் போதும். நாடாவை எடுக்கும்போது, தாள் முழுதாகக் காய்ந்த பிறகு, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரிக்க வேண்டும். பெரிய அளவு, அல்லது 190 ஜிஎஸ்எம் என்றால் கட்டத்தான் வேண்டும்:

1. 190 தாளை 3 முதல் 5 நிமிடம், 300 தாளை 5 முதல் 8 நிமிடம் சுத்தத் தண்ணீரில் ஊறவையுங்கள்.
2. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரை வடியவிட்டு, குறைந்தது 9 மில்லிமீற்றர் பிளைவூட்டில் விரியுங்கள். மெல்லிய பலகையைத் தாள் வளைத்துவிடும்.
3. தண்ணீரில் நனைத்து ஒட்டும் பழுப்புக் கடதாசி நாடாவால் நாலு பக்கமும் ஒட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக ஸ்ரேப்பிள் அடியுங்கள்.
4. கிடையாக, நிழலில் காயவிடுங்கள். பேனுக்குக் கீழும், கச்சான் வீசும் யன்னலோரத்திலும் வைத்தால் ஓரங்கள் முதலில் இறுகி, நாடா பிய்ந்துகொள்ளும்.

இந்த வேலையெல்லாம் வேண்டாமென்றால் கச்சான் காலத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்து, கண்ணாடி அல்லது ஃபோர்மைக்காப் பலகையில் குமிழி இல்லாமல் ஒட்டவையுங்கள். கீழிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும், மேலே வேலை செய்ய அவகாசம் நீளும். பருத்தித் தாளில் அருமையாக வரும், மரக்கூழில் ஓரங்கள் சீக்கிரம் கிளம்பும். மாரியில் இதைச் செய்தால் காயவே காயாது.

## முகம்: ஹொட் பிறெஸ், கோல்ட் பிறெஸ், றஃப்

ஹொட் பிறெஸ் வழுவழுப்பு. பூ, இலை, நுணுக்கக் கோடு, கோணேசர் கோயில் கோபுரத்தின் சிற்ப வரிசை போன்றவற்றுக்கு நல்லது. அதில் வர்ணம் வழுக்கி ஓடும், வோஷ் சமமாக வருவது கஷ்டம். றஃப் கரடு. காலை வெயிலில் கடல் மின்னுவதை உலர்தூரிகையால் காட்ட அதைவிட நல்ல முகம் இல்லை: தூரிகையைப் படுக்கவைத்து வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வர்ணம் பட்டு, குழிகள் வெள்ளையாக நிற்கும். கோல்ட் பிறெஸ் இரண்டுக்கும் நடுவில். முதலில் வாங்குவதற்கு யோசிக்கவே வேண்டாம், கோல்ட் பிறெஸ்தான்.

## யாருக்கு எது

கையில் காசு மட்டாக இருக்கும் வளர்ந்தோர் ஒருவர் புதிதாகத் தொடங்குகிறார் என்றால், ஒரே வகைத் தாளை வாங்குவதைவிட இரண்டை வாங்குவது நல்லது: மரக்கூழ் பாட் ஒன்று, பருத்தி முழுத்தாள் இரண்டு. வாரத்தில் மூன்று நாள் பாட் தாளில் வடிவம், கலவை, காய்ந்த தாளில் வேலை. ஒரு நாள் பருத்தித் துண்டில் ஈரத்தில் ஈரம், மேற்படை. இதற்குக் காசு போதாவிட்டால் வர்ணத்தில் குறையுங்கள். நீலம் இரண்டு, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, மண்ணிறம் இரண்டு என்று ஆறு ரியூப் நல்ல தரத்தில் இருந்தால், இருபத்துநாலு வில்லைப் பெட்டி தேவைப்படாது. பள்ளிக்கூட வில்லை வர்ணத்தைப் பருத்தித் தாளில் வைப்பது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான்: நிரப்புப் பொருள் அதிகம் என்பதால் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிக் கிடக்கும், தாளின் அருமை தெரியாது.

சுற்றுலாப் பயணிகளுக்கு, அல்லது கண்ணாடி போட்டு மாட்ட, படம் விற்பவருக்குப் பருத்தியைத் தவிர வேறு தெரிவு இல்லை. மரக்கூழ்த் தாள் வருடங்கள் போக மஞ்சளாகும், வாங்கியவர் அதைச் சொல்லிக்கொண்டு திரும்பி வர முடியாது.

பயணக் குறிப்புப் புத்தகத்தில் பேனாக் கோடும் லேசான வர்ணமுமாகத் தீட்டுபவருக்கு 200 ஜிஎஸ்எம் மரக்கூழே கைக்கடக்கம். அதற்குமேல் போவது ஆசைக்குத்தான்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். கரையில் இருந்து தீட்டும்போது கடல் தண்ணீரைக் கோப்பையில் அள்ளிவிட வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படம் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். கடலோரக் கிணற்று உவர்த் தண்ணீருக்கும் இதே கதை. குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுபோங்கள்.

## வாங்கியதைக் காப்பாற்றுவது

பருத்தித் தாளின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இங்கேதான். ஈரப்பதன் மிகுந்த காற்றில் திறந்து கிடந்தால் சைஸிங் அங்கங்கே கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது. தீட்டிய பிறகுதான் வர்ணம் சில புள்ளிகளில் சட்டென உள்ளே இறங்கி, கருந்தேமல் போலத் தெரியும். எப்படித் துடைத்தாலும் போகாது.

தாளைத் தடித்த பொலித்தீன் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, தட்டையாக வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், அடித்தட்டும் வேண்டாம். நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல்லாக வாங்கினால் எப்போது ஈரம் நிறைந்துவிட்டது என்று தெரியும். பழைய தகரத்தட்டில் குறைந்த சூட்டில் நிறம் திரும்பும்வரை காயவைத்துத் திரும்பப் போடலாம். சமையல் சட்டியில் வேண்டாம். ஜெலற்றின் இராமபாணப் பூச்சிக்கு நல்ல தீனி, ஆகவே பையின் வாயை நன்றாக மூடுங்கள். பழைய பத்திரிகைகளோடு சேர்த்து அடுக்காதீர்கள். மாரி தொடங்க முன்னர் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பது நல்லது. பழுப்புப் புள்ளிகளோ பூஞ்சண வாடையோ இருக்கும் தாளை உடனே பிரித்துவிடுங்கள்.

நாள்பட்ட தாளில் தீட்ட முன் ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் நல்லது. அரை நிமிடத்துக்குள் உறிஞ்சி, அந்த இடம் பின்பக்கமும் தெரியும்படி கறுத்தால் சைஸிங் போய்விட்டது. 100 மில்லிலீற்றர் வெந்நீரில் 2 கிராம் ஜெலற்றின் கரைத்து, இளஞ்சூட்டில் அகலத் தூரிகையால் ஒரு படை பூசிக் காயவிட்டால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் சமமாக வராது, வானத்துக்கு நம்பக்கூடாது. அந்தத் தாளைக் குவாஷ் என்கிற ஒளிபுகாத நீர்வர்ணத்துக்கும், பென்சிலுக்கும், வர்ணக் கலவை பார்க்கிற துண்டுகளுக்கும் ஒதுக்கிவிடலாம்.